பழைய கணினி, பழுதான கணினி அல்ல

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பயனாளிகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் மேலும் ஓராண்டு கிடைக்கும், அவ்வளவே. விண்டோஸ் 11-க்கு மாற வேண்டுமானால், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய செயலியும் தேவை. கீழப்பாவூரில் எங்கள் வீட்டிலுள்ள பத்தாண்டுக் கணினியில் இரண்டும் இல்லை.

"புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள்" என்றார் பழுதுபார்ப்பவர். திரையும் விசைப்பலகையும் நன்றாக இருக்கும்போது எதற்காக வாங்க வேண்டும்? அக்கேள்விதான் என்னை லினக்ஸ் பக்கம் திருப்பியது.

பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிவைத்த லினக்ஸை அடித்தளமாகக் கொண்டு பல இயங்குதளங்கள் உருவாகியுள்ளன. புதியவர்களுக்கு ஏற்றவற்றுள் ஒன்று லினக்ஸ் மின்ட். உரிமக் கட்டணம் கிடையாது. எவரும் நகலெடுத்துப் பகிரலாம். இடது கீழ்மூலையில் பட்டியல், அடியில் பணிப்பட்டை என விண்டோஸில் பழகிய கண்ணுக்கு அந்நியமாகத் தோன்றாது. அதன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, 4 ஜிபி நினைவகம் கொண்ட எங்கள் கணினியில் தடையின்றி இயங்குகிறது.

இது நமக்குப் புதிதும் அன்று. தமிழக அரசு 2011 முதல் வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில், சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் விண்டோஸுடன் சேர்ந்தே வந்தது. என் மகளுக்குக் கிடைத்த மடிக்கணினியிலும் இருந்தது; நாங்கள் ஒருநாளும் அதைத் திறந்ததில்லை. ஆனால் புளியரையைக் கடந்தால், கேரள அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் கணினி கற்கிறார்கள். அங்கு ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார்கள்; இங்கு கருவியை மட்டும் கொடுத்தோம்.

மாற விரும்புவோர் முதலில் எல்லாக் கோப்புகளையும் வெளி வட்டில் நகலெடுத்துவிட வேண்டும். நிறுவும்போது முழு வட்டையும் அழிக்கும் தேர்வை அழுத்திவிட்டால் மீட்பது கடினம். அடுத்து, மின்ட்டை இறக்கிப் பென்டிரைவில் எழுதி, அதிலிருந்தே கணினியை இயக்கிப் பார்க்கலாம். உள்ளே எதுவும் மாறாது. வைஃபை, ஒலி, அச்சுப்பொறி ஆகியவை இயங்குகின்றனவா என்று பார்த்த பிறகு நிறுவினால் போதும். கடிதம், கணக்குத்தாள் வேலைகளுக்கு லிப்ரே ஆஃபிஸ் உள்ளது. தமிழ்99 விசைப்பலகையையும் சேர்த்துக்கொள்ளலாம். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டிய பழைய ஆவணங்களுக்கு மட்டும் அதே எழுத்துருவை நிறுவ வேண்டும்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். டேலி போன்ற கணக்கு மென்பொருள்கள் விண்டோஸுக்காக உருவானவை. அவற்றை நம்பித் தொழில் செய்வோர் அவசரப்படக் கூடாது. இணையம், எழுத்து, படிப்பு, படம் பார்த்தல் எனப் பயன்படுத்தும் வீடுகளுக்கு அத்தடை இல்லை.

கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குக் கணினிக் கருவிகள் வழங்கப்படும் என்று 2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு அறிவித்தது. கருவியோடு லினக்ஸில் சில மணி நேரப் பயிற்சியும் தரப்பட வேண்டும். இல்லையெனில், ஆதரவு முடியும் நாளில் அந்தப் பிள்ளைகளின் வீடுகளிலும் நல்ல கணினிகள் பரணுக்குப் போகும்.