வெத்தலை காம்பு வைத்தியம் போதாது! பச்சைக்குழந்தை வயிறு உப்பினால் உஷார்

திருவண்ணாமலை:
பிறந்த குழந்தை முதல் நாளே தார் மாதிரி கறுப்பாக மலம் போகவேண்டும். 2 நாளாகியும் போகாமல், வயிறு உப்பி, பச்சையாக வாந்தி எடுத்தால் 'ஹிர்ஷ்ஸ்ப்ரங்' என்ற பிறவிக் குடல் நோயாக இருக்கலாம். 1886-ல் இதை விளக்கிச் சொன்ன டென்மார்க் டாக்டரின் பெயர் அது. சுமார் 5 ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு வரும். ஆண் குழந்தைகளுக்குத்தான் அதிகம்.

பெருங்குடலின் கடைசிப் பகுதியில் நரம்பு செல்களே இருக்காது. அந்த இடம் சுருங்கிக் கிடக்க, மலம் மேலே தேங்கிவிடும். நம்ம பக்கம் பாட்டிமார் வெத்தலை காம்பை எண்ணெயில் தொட்டு ஆசனவாயில் வைப்பாங்க. பீச்சிக்கொண்டு போகும். 'சரியாயிடுச்சி' என்று விட்டுவிடுவதுதான் வம்பு. மறுபடி அடைத்துக்கொள்ளும்.

நரம்பில்லாத பகுதியை வெட்டி எடுத்து, நல்ல குடலைக் கீழே இழுத்து தைப்பதே சிகிச்சை. பெரும்பாலான குழந்தைகள் நன்றாக வளர்கின்றன. சிலருக்கு மலச்சிக்கலும், தெரியாமல் ஜட்டியில் மலம் கசிவதும் பல வருஷம் இருக்கும். அதுக்காக பிள்ளையை அடிக்காதீங்க, அவன் தப்பில்லை.

பயப்படவேண்டியது குடல் அழற்சிக்குத்தான். ஆபரேஷனுக்கு முன்பும் வரும், பின்பும் வரும். வயிறு உப்பும், காய்ச்சல் அடிக்கும், கெட்ட நாற்றத்தோடு பேதி போகும். சாதா பேதி என்று மெடிக்கலில் மருந்து வாங்கிக் கொடுத்து வீட்டிலேயே வைத்திருந்தால் உயிருக்கே ஆபத்து. ராத்திரியானாலும் 108-ஐ கூப்பிடுங்க. திருவண்ணாமலை அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரியில் நுழைந்ததுமே 'குடல் ஆபரேஷன் செய்த குழந்தை' என்று சொல்லுங்க. பழைய டிஸ்சார்ஜ் சீட்டும் கையில் இருக்கட்டும்.