மீன்தொட்டியின் இரைச்சல்

கடல் சூழ்ந்த தீவில் வாழும் நமக்கு மீன் புதியதன்று. கரையில் வந்து இறங்கும் மீனை நாள்தோறும் காண்கிறோம், கறிக்கும் வாங்குகிறோம். ஆயினும் வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி ஒன்றை அமைத்து, அதில் நான்கு தங்கமீன்களை நீந்தவிட்டு, மாலையில் வேலை முடிந்து வந்து அதன்முன் சற்றே அமர்ந்திருப்பதில் தனியானதோர் இன்பம் உண்டு. பிழைப்பை நாடி அந்தமானுக்கு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் சிலவற்றிலேனும் இத்தகைய தொட்டியைக் காணலாம்.

இவ்வழக்கம் மிகப் பழையதன்று. கண்ணாடித் தொட்டியில் மீனையும் நீர்ச்செடியையும் ஒருங்கே வைத்து வளர்க்கும் முறை, சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் பரவிற்று. 1853ஆம் ஆண்டில் இலண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் பொதுமக்களுக்கென ஒரு மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. நம் சென்னை மெரினாக் கடற்கரையில் 1909ஆம் ஆண்டிலேயே மீன்காட்சியகம் ஒன்று தோன்றியது. அன்று காட்சிச்சாலைக்குச் சென்று பார்த்ததை இன்று நம் வீட்டு மேசைமீதே வைத்துக்கொள்கிறோம். ஆனால் தொட்டியோடு சேர்ந்து வீட்டுக்குள் நுழையும் பொருள் ஒன்று உண்டு. அதுதான் வடிகட்டியின் இரைச்சல்.

பகலில் அது தெருவோசையில் மறைந்துவிடும். இரவில் ஊர் அடங்கியபின் வண்டு குடைவதுபோல் ஓயாது ஒலிக்கும். இத்தொல்லையை நாங்கள் பட்டறிந்தோம். 2024ஆம் ஆண்டுவரை போர்ட் பிளேயர் என்றும், அதன்பின் ஸ்ரீ விஜயபுரம் என்றும் வழங்கும் நகரில், பலகைச் சுவரால் இரண்டாகப் பிரித்த வீட்டின் ஒரு பாதியில் நாங்கள் குடியிருந்தோம். மறுபாதியில் கைக்குழந்தையுடன் ஓர் இளந்தாய் இருந்தார். ஒரு நாள் அவர் தயங்கித் தயங்கி வந்து, "அக்கா, உங்கள் மீன்தொட்டிச் சத்தத்தில் பிள்ளை கண்ணை மூடவே மாட்டேன் என்கிறான், தப்பாக நினைக்காதீர்கள்" என்றார். அயலார் மனம் நோகலாகாது என்று எண்ணி, அன்றுமுதல் இரவு பத்து மணிக்கு வடிகட்டியை நிறுத்திக் காலை ஆறு மணிக்கு மீண்டும் ஓட்டினோம்.

மூன்றாம் நாள் விடியலில் மீன்கள் யாவும் நீரின் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. இரண்டு மீன்கள் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தன. பள்ளி செல்லும் சிறுமி அவற்றை எடுத்துச் செடியடியில் புதைத்தாள். நற்செயல் செய்வதாக எண்ணித் தீங்கிழைத்துவிட்டோம் என்பதைப் பிறகே உணர்ந்தோம்.

இது நேர்ந்தது எதனால்? மீனும் நம்மைப்போல் ஆக்சிஜனைக் கொண்டே உயிர் வாழ்கிறது. ஆயின் அது நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை உட்கொள்கிறது. நீர் எவ்வளவு வெப்பமாயிருக்கிறதோ அவ்வளவு குறைவாகவே அதில் ஆக்சிஜன் கரையும். 20 டிகிரி வெப்பமுள்ள ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் கரைந்திருக்கக்கூடும். 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராம் அளவுக்குக் குறைந்துவிடும். ஆண்டு முழுவதும் வெம்மை நீங்காத இத்தீவுகளில் தொட்டிநீரின் இருப்பு எப்போதும் குறைவே. மேலும் நீர்ச்செடிகள் பகலொளியில் ஆக்சிஜனை வெளியிடுமேயன்றி, இரவில் மீன்களோடு சேர்ந்து தாமும் அதைச் செலவழிக்கும். ஆகவே விடியலுக்குச் சற்று முன்புதான் தொட்டியில் ஆக்சிஜன் மிகவும் குறைந்திருக்கும். இரவில் வடிகட்டியை நிறுத்துவதென்பது, மீனுக்கு அது மிகவும் தேவைப்படும் நேரத்தில் நிறுத்துவதாகும்.

இதனினும் நுட்பமான காரணம் மற்றொன்று உண்டு. மீன் தன் செவுள்களின் வழியே அம்மோனியாவை வெளியிடுகிறது. அது மீனுக்கே நஞ்சாகும். வடிகட்டியின் ஸ்பாஞ்சிலும் கூழாங்கற்களிலும் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் இந்த அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகத் தீங்கற்ற நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. மண்ணிலும் நீரிலும் நிகழும் இம்மாற்றத்தைச் செய்யும் நுண்ணுயிர்களை விநோகிராட்ஸ்கி என்னும் இரஷ்ய அறிஞர் 1890ஆம் ஆண்டளவில் பிரித்தெடுத்துக் காட்டினார். இவை நன்கு பெருகி நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். இவற்றுக்கும் ஆக்சிஜன் வேண்டும். மூடிய வடிகட்டிக்குள் நீரோட்டம் பல மணிநேரம் நின்றுவிட்டால் இவை மடியத் தொடங்கும். உள்ளே தேங்கிய நீர் கெடும். காலையில் விசையைத் தட்டியதும் அக்கெட்ட நீர் தொட்டிக்குள் பாயும். வடிகட்டி வெறும் அழுக்கு வாரும் கருவியன்று; தொட்டியின் நுரையீரலும் சிறுநீரகமும் அதுவே எனலாம்.

ஆகவே நாம் செய்யத்தக்கது வடிகட்டியை நிறுத்துவதன்று. இரைச்சலின் காரணத்தைத் தேடிக் களைவதே. நன்கு இயங்கும் வடிகட்டி மெல்லிய முரலொலிக்கு மேல் எழுப்புவதில்லை. ஓசை மிகுந்தால் ஏதோ ஒரு குறை நேர்ந்துள்ளது என்றே கொள்ளவேண்டும். எந்தச் சோதனைக்கும் முன்பாக மின்செருகியைப் பிடுங்கிவிட்டே நீரில் கைவைக்க வேண்டும். இவ்விதிக்கு விலக்கே இல்லை.

முதலில், ஓசை கருவியிலிருந்து எழுகிறதா, அது வைக்கப்பட்டுள்ள இடத்திலிருந்து எழுகிறதா என்று பார்க்கவேண்டும். தொட்டிக்கு வெளியே இருக்கும் காற்றுப் பம்பு ஓடிக்கொண்டிருக்கையில், ஈரமற்ற கையால் அதை மெல்லத் தூக்கிப் பிடியுங்கள். ஓசை சட்டென அடங்கினால் குற்றம் பம்பினுடையதன்று, மேசையினுடையது. காற்றுப் பம்பினுள் ஒரு மின்காந்தம் சிறு நெம்புகோலை நொடிக்கு 50 தடவை அசைக்க, அந்நெம்புகோல் ஒரு ரப்பர் சவ்வை அழுத்தித் தளர்த்திக் காற்றை உந்துகிறது. அவ்வதிர்வு மரப்பலகைக்குள் புகுந்தால், வீணையின் குடம் நரம்பொலியைப் பெருக்குவதுபோல் பலகை அதைப் பெருக்கிவிடும். மரத்தால் கட்டிய வீடுகள் மிகுந்த அந்தமானில் இது பெரிதும் காணப்படும் குறை. சாத்தம் தீவில் 1883ஆம் ஆண்டிலேயே மர அறுவை ஆலை தோன்றிய நாடல்லவா இது! பம்பின் அடியில் மிதிவண்டிப் பழைய டியூபின் துண்டுகளையோ, மடித்த தடித்த துணியையோ இடுங்கள். பம்பும் அதன் குழாயும் சுவரையும் கண்ணாடியையும் தொடாதவாறு விலக்கி வையுங்கள்.

இரண்டாவதாக, முன்பு மெதுவாக ஒலித்த பம்பு நாளடைவில் உரக்க ஒலிக்கலாம். அப்போது தொட்டிக்குள் குமிழி எழுப்பும் காற்றுக்கல்லைக் குழாயிலிருந்து கழற்றிவிட்டுப் பம்பை ஓட்டிப் பாருங்கள். ஓசை தணிந்தால் கல்லின் நுண்துளைகள் பாசியாலும் உப்பாலும் அடைபட்டுவிட்டன என்பது தெளிவு. காற்று வெளியேற வழியின்றிச் சவ்வு திணறுவதாலேயே அவ்வோசை மிகும். இக்கல் சில ரூபாய்ப் பொருள், மாற்றிவிடுவதே நன்று. கல்லைக் கழற்றியும் ஓசை தணியாமல், காற்றும் குறைந்து வந்தால் ரப்பர் சவ்வு வெடித்திருக்கலாம். பம்பின் அடியில் உள்ள கம்பளித் துண்டில் தூசி அடைந்திருக்கிறதா என்பதையும் கவனிக்கவேண்டும்.

மூன்றாவது வகை, நீருக்குள் இயங்கும் மோட்டாருக்கு உரியது. இதில் சிறிய இறகுகள் பொருத்திய காந்த உருளை ஒன்று மெல்லிய அச்சில் சுழல்கிறது. கடைக்காரர்கள் இதனை இம்பெல்லர் என்பர். பெரும்பாலான சிறு மோட்டார்களில் இது நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,000 சுற்றுச் சுற்றும். இவ்வளவு விரைவாகச் சுழலும் பொருளின்மீது ஒரு மணல் பட்டாலும் அரைக்கும் ஓசை எழும். மோட்டாரை நிறுத்தி, மூடியைக் கழற்றி, உருளையை வெளியே எடுத்து, பழைய பல்துலக்கியால் அதையும் அதன் குழியையும் வழவழப்பு நீங்கத் தேயுங்கள். அச்சு தேய்ந்தோ வளைந்தோ இருப்பின் உருளையோடு மாற்றவேண்டும். அரைக்கும் ஓசையாக இல்லாமல் கடகடவென்று விட்டுவிட்டு ஒலித்தால், உள்ளே காற்று சிக்கியிருக்கக்கூடும். வடிகட்டியை மெல்லச் சாய்த்தால் குமிழிகள் வெளியேறிவிடும். காற்றுக்கல்லை மோட்டாரின் உறிஞ்சுவாய்க்கு அருகில் வைத்தலாகாது.

நான்காவது, சளசளவென்று நீர் விழும் ஓசை. இதற்குக் கருவியில் யாதொரு குறையுமில்லை. தொட்டிநீர் ஆவியாகி மட்டம் தாழ்ந்ததனால், வடிகட்டியிலிருந்து வரும் நீர் உயரத்திலிருந்து விழுகிறது. இரண்டு குவளை நீர் ஊற்றினால் அருவி அடங்கும்.

ஐந்தாவது, ஸ்பாஞ்சு அடைபட்டு மோட்டார் திணறும் ஓசை. இங்கேதான் பலர் பெருந்தவறு செய்கின்றனர். ஸ்பாஞ்சைக் குழாயடியில் வைத்து வெள்ளைவெளேரென்று கசக்கி அலசுகின்றனர். குழாய்நீரில் உள்ள குளோரின், நாம் முன்பு கூறிய நற்பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்தே ஒரு வாளி நீரை மொண்டு, அதில் ஸ்பாஞ்சை இரண்டு மூன்று முறை பிழிந்தெடுத்தல் போதும். சோப்பு அறவே கூடாது. அழுக்கான அந்த வாளிநீரை மல்லிகைக்கோ கறிவேப்பிலைக்கோ ஊற்றலாம். செடிக்கு அது நல்ல உரம். மழைக்குப் பஞ்சமில்லாத இந்நகரிலும் சனவரி முதல் ஏப்ரல் வரையிலான வறட்சி மாதங்களில் குழாய்நீருக்குத் தட்டுப்பாடு நேர்வதை நாம் அறிவோம். ஆதலின் நீரைச் சிக்கனமாகக் கையாளும் இம்முறை இரட்டைப் பயன் தருவதாகும்.

தீவில் வாழ்வோர் சிறப்பாகக் கருதவேண்டியவை சில உள. கடற்காற்றின் உப்பும் ஈரமும் திருகாணிகளைத் துருப்பிடிக்கச் செய்யும். ஆதலால் மாதம் ஒரு முறை துடைத்து முடுக்குதல் நலம். மின்தடை நேரும்போது, நீர்மட்டத்துக்குக் கீழே வைத்த காற்றுப் பம்பினுள் குழாய் வழியே நீர் பின்னோக்கி இறங்கிவிடும். பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள். இயலாவிடில், நீர் திரும்பி வாராது தடுக்கும் சிறு வால்வு ஒன்றைக் குழாயில் பொருத்துங்கள். மின்கம்பி செருகிக்குக் கீழே சற்றுத் தொங்கி, பிறகு மேலேறிச் செல்லுமாறு அமைத்தால், கம்பியில் வழியும் நீர் செருகியை எட்டாமல் கீழே சொட்டிவிடும். மின்சாரம் நெடுநேரம் வாராவிட்டால், குவளையால் தொட்டிநீரை மொண்டு ஒரு சாண் உயரத்திலிருந்து அவ்வப்போது ஊற்றுங்கள். அதுவரை மீனுக்கு உணவிடாதீர்கள். சென்னையிலிருந்து புறப்படும் கப்பல் இங்கு வந்துசேர மூன்று நாள் ஆகும். வேண்டிய உறுப்பு உள்ளூர்க் கடையில் எப்போதும் கிடைக்கும் என்பதற்கில்லை. ஆதலால் ரப்பர் சவ்வு ஒன்று, காற்றுக்கல் இரண்டு, இம்பெல்லர் ஒன்று ஆகியவற்றை வீட்டில் வாங்கி வைப்பது அறிவுடைமை.

அழகுக்கென்று கடற்கரையிலிருந்து பவளத் துண்டுகளையும் மணலையும் கொணர்ந்து தொட்டியில் இடுவோரும் உளர். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுவது. அதை எடுத்தல் குற்றம். அன்றியும் அது நன்னீரின் இயல்பையே மாற்றிவிடும். அம்மணலின் துகள்களோ மோட்டாருக்குள் புகுந்து அரைக்கும்.

எங்கள் தொட்டியின் கதை என்னவாயிற்று என்று நேயர்கள் கேட்கக்கூடும். மீன்களைப் புதைத்த அன்று மாலையே, மேற்கூறிய வரிசைப்படி ஒவ்வொன்றாகச் சோதித்தோம். பலகைச் சுவரில் அடித்த தட்டின்மீது பம்பு அமர்ந்திருந்தது. காற்றுக்கல்லும் பாதி அடைபட்டிருந்தது. பம்பைச் சுவரிலிருந்து அகற்றித் தனி முக்காலியில் ரப்பர்த் துண்டின்மீது வைத்தோம், கல்லை மாற்றினோம். அன்றிரவு பக்கத்து வீட்டில் குழந்தை உறங்கிற்று. இங்கே மீன்களும் விடியும்வரை அமைதியாக நீந்தின. மறுநாள் அவ்விளந்தாய் வந்து, "மோட்டாரை நிறுத்திவிட்டீர்களா, அக்கா?" என்று கேட்டார். கூடத்திற்கு அழைத்துச் சென்று, மேலெழும் குமிழிகளைக் காட்டினோம்.

செலவு ஒரு காற்றுக்கல்லின் விலைதான். மூன்று நாள் முன்னதாக அதைச் செய்திருப்பின் இரண்டு உயிர்கள் பிழைத்திருக்கும். உங்கள் வீட்டு வடிகட்டி இரைந்தால் விசையை நோக்கிக் கையை நீட்டாதீர்கள். முதலில் காதை நீட்டுங்கள். இரைச்சல் எங்கே பிறக்கிறது என்று கண்டுவிட்டால் பாதி வேலை முடிந்ததாகும்.