நோயுள்ள பிள்ளையை யார் கேட்பது?

சலரோகம் என்றதும் எம்மவர் முதியவர்களையே நினைப்பர். முதலாம் வகை நீரிழிவு சிறுவயதிலேயே தொடங்கக்கூடியது. இன்சுலினைச் சுரக்கும் கணையக் கலங்களை உடலின் எதிர்ப்புச்சக்தியே அழிப்பதால் வருவது அது. இனிப்புத் தின்றதால் அல்ல. 1922இல் ரொறன்ரோவில் 14 வயது லெனார்ட் தொம்சனுக்கு இன்சுலின் ஏற்றப்படும்வரை அது மரணதண்டனையாகவே இருந்தது. இன்று பிள்ளை வாழ்கிறது. எப்படி வாழ்கிறது என்பதே கேள்வி.

இதை அளக்க ஜேம்ஸ் வார்னியும் சகாக்களும் உருவாக்கிய 23 வினாக்கள் கொண்ட படிவம் உடல், உணர்வு, நட்பு, பாடசாலை ஆகிய நான்கையும் விசாரிக்கிறது. பிள்ளைக்கும் பெற்றோருக்கும் தனித்தனிப் படிவங்கள். இருவரின் விடைகளும் பல வேளைகளில் ஒத்துப்போவதில்லை. ஓடுவதையும் விழுவதையும் பெற்றோர் காண்பர். பயமும் வெட்கமும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

வைத்தியசாலைகளில் மொழிபெயர்ப்பாளனாக நான் காண்பது இதுதான்: பிள்ளையிடம் கேட்ட கேள்விக்குத் தாய் பதில் சொல்கிறார். மொழிபெயர்ப்பாளர் இல்லாத நாளில் பிள்ளையே தன் நோயைப் பெற்றோருக்கு மொழிபெயர்க்கிறது. அவர்கள் கலங்குவார்களென்று பாதியை விழுங்கிவிடுகிறது. "ஆக்களுக்குச் சொல்லாதை, நாளைக்குக் கலியாணம் பேசேக்கை கஷ்டம்" என்ற புத்திமதி வேறு. மறைக்கப் பழகிய பிள்ளை, இரத்தத்தில் சீனி குறைந்து நடுங்கும்போதும் வகுப்பில் வாய்திறவாது. அது உயிருக்கே ஆபத்து.

கருத்துச் சுதந்திரம் பற்றி நாம் நிறையவே எழுதுகிறோம். தன் உடலைப் பற்றித் தானே பேசும் பிள்ளையின் உரிமை அதற்குள் அடங்காதா?