இரத்த அழுத்தமும் எலியின் அச்சமும்

"பயந்தால் பிரஷர் ஏறும், சரி. பிரஷரை ஏற்றும் சுரப்பே பயத்தையும் கிளப்புமா?" என்று வாசகி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். அருமையான கேள்வி. விலங்கு ஆய்வுகளைப் பார்த்தால், கிளப்பவும் செய்கிறது, தணிக்கவும் செய்கிறது.

சிறுநீரகம் விடும் ரெனின், கல்லீரலின் ஒரு புரதத்தை வெட்ட, அதிலிருந்து எட்டே அமினோ அமிலங்கள் கொண்ட ஆஞ்சியோடென்சின்-2 உருவாகிறது. இரத்தக் குழாயை இறுக்குவதோடு அது நிற்பதில்லை. தாகம் தீர்ந்த எலியின் மூளைக்குள் இதைத் துளியளவு செலுத்தினால் போதும், சில நிமிடங்களில் மறுபடி தண்ணீர் குடிக்கும்.

எலியின் அச்சத்தை அளக்க ஒரு மேடை உண்டு. கூட்டல் குறி வடிவம், தரையிலிருந்து அரை மீட்டர் உயரம். நான்கு கைகளில் இரண்டுக்குச் சுவர் உண்டு, இரண்டு வெட்டவெளி. நடுவில் எலியை விட்டு ஐந்து நிமிடம் பார்ப்பார்கள். எங்கள் வீட்டு மளிகை அறை எலி சுவரை ஒட்டியேதான் ஓடும். மேடை எலியும் அதே சாதிதான். திறந்த கையில் மூக்கை நீட்டும், ஒரு முன்கால் வைக்கும், சட்டென்று உள்ளே போய்விடும். அச்சம் குறைந்த எலியோ நுனிவரை போய்க் கீழே எட்டிப் பார்க்கும். கேண்டசார்ட்டன் என்ற பிரஷர் மருந்து கொடுத்த எலிகள் இப்படித் திறந்த கைகளில் கூடுதல் நேரம் இருந்தன.

என்னை வியக்க வைப்பது இனிமேல்தான். ஆஞ்சியோடென்சினுக்கு ஏடி-1, ஏடி-2 என முக்கியமான ஏற்பிகள் இரண்டு. கேண்டசார்ட்டன் அடைப்பது முதலாவதை. இரண்டாவது இல்லாமல் பிறந்த சுண்டெலிகளோ கூடுதலாக அஞ்சின! மூளையில் ஆஞ்சியோடென்சினின் மூலப்புரதத்தைக் குறைத்து உருவாக்கிய எலிகளும் அப்படியே. சுரப்பு ஒன்றுதான், எந்த ஏற்பியைத் தொடுகிறது என்பதில் இருக்கிறது சூட்சுமம்.

மனச்சோர்வை அளக்கவும் ஒரு சோதனை உண்டு. அந்த மூலப்புரதமே இல்லாத சுண்டெலிகளைத் தப்ப முடியாத தண்ணீர்த் தொட்டியில் விட்டபோது, அவை அசையாமல் மிதந்த நேரம் குறைவு. இதை 'மனச்சோர்வு குறைந்தது' என்று எழுதுவார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. தப்ப வழியில்லாத உயிர் மிதப்பது, தெம்பைச் சேமிக்கும் புத்தியாகவும் இருக்கலாமே. சிற்றுயிரைத் தவிக்கவிட்டுத்தான் மனதை அளக்க வேண்டுமா?

இதையெல்லாம் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தாமாக நிறுத்தவோ மாற்றவோ கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று மருந்துக்கடையில் வாங்கி விழுங்குவது நம் ஊரில் சகஜம், அது ஆபத்து. பிரஷர் பார்க்கப் போகும்போது தூக்கம், பதற்றம், மனச்சோர்வு பற்றியும் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.