பழைய மிதிவண்டிகளை இனங் காணும் முறை

பழைய மிதிவண்டிகளைத் தேடிச் சேர்க்கும் ஆர்வம் நம் நாட்டில் இந்நாளில் பெருகியிருக்கிறது. மலாய் அன்பர்கள் இவ்வண்டிகளைப் ‘பாசிக்கல் துவா’ என்று அழைக்கின்றனர். அவற்றைத் துடைத்து எண்ணெயிட்டு, விடுமுறை நாள்களில் பழங்கால உடையணிந்து கூட்டமாக ஓட்டிச் செல்வோரை மூவார், பத்து பகாட் பக்கங்களில் காணலாம். இவர்களுள் தமிழர் சிலரே என்பது நான் கண்ட அளவில் உண்மை. ஆயின், அவர்கள் தேடும் வண்டிகளில் பல, நம்மவர் குடியிருந்த லயத்து வீடுகளின் பின்புறத்திலிருந்து பழைய இரும்பு வாங்குவோர் கைக்குப் போனவை. பெரட்டுக்கும் வெளிக்காட்டுக்கும் அதே வண்டியில் ஒருவர் முப்பது ஆண்டுகள் போய் வந்திருப்பார். பேரப்பிள்ளைகள் நகரத்துக்குக் குடிபெயரும்போது அது எடைக்கு எடை இரும்பாக விலை போகிறது. பொருளின் தன்மை அறியாமையே இதற்குக் காரணமாதலால், அதை அறியும் வழிகளைத் தமிழாசிரியர்களுக்கும் வாசகர்களுக்கும் கூறுவது தக்கதெனக் கருதுகிறேன்.

நாம் இந்நாட்டுக்குப் பெருந்தொகையாக வந்ததற்கும் மிதிவண்டிக்கும் தொடர்புண்டு. 1888-ஆம் ஆண்டில் ஜான் பாய்ட் டன்லப் என்பார் பெல்பாஸ்ட் நகரில் காற்றடைத்த ரப்பர்ச் சக்கரத்துக்கு உரிமம் பெற்றார். அது முதலில் பொருத்தப்பட்டது மிதிவண்டிக்கே. மோட்டார் வண்டி பின்னால் வந்தது. மலாக்காவில் தான் சாய் யான் ரப்பரை வாணிக முறையில் பயிரிடத் தொடங்கியது 1896-ஆம் ஆண்டையொட்டி. உலகெங்கும் சக்கரங்களுக்கு ரப்பர் வேண்டியிருந்தமையால் விலை ஏறியது. 1910-இல் உச்சத்தை எட்டியது. காடழித்து மரம் நடவும், பால் சீவவும் தென்னாட்டிலிருந்து ஆள் சேர்த்துக் கப்பலேற்றினர். ஆகவே, லயத்துச் சுவரில் சாய்ந்து கிடக்கும் அந்த வண்டியை அயலார் பொருளென்று ஒதுக்குவது பொருந்தாது.

இனி, வண்டிகளைப் பார்ப்போம். இங்கு மிகுதியாகக் கிடைப்பவை ஆங்கில நாட்டு வண்டிகள். முதலில் பார்க்க வேண்டியது மிதிகட்டை சுழற்றும் பெரிய பற்சக்கரம். ராலே வண்டியில் அங்கே நாரையின் உருவம் வெட்டப்பட்டிருக்கும். அந்நிறுவனத்தை வளர்த்த பிராங்க் பௌடனின் குடும்பச் சின்னம் அது. ரட்ஜ் வண்டியில் விரித்த கை. ஹம்பரில் ஆள் உருவங்கள். மேலும், ஹம்பரின் முன்கவையில் ஒவ்வொரு பக்கமும் ஒரு குழாய்க்குப் பதிலாக இரண்டு குழாய்கள் இணையாக இறங்கும். இதைத் தொலைவிலிருந்தே கண்டுகொள்ளலாம். பி.எஸ்.ஏ. துப்பாக்கித் தொழிற்சாலையாகப் பிறந்தது. அதனால் அதன் சின்னத்தில் மூன்று துப்பாக்கிகள் நிற்கின்றன.

சின்னம் ஒன்றைக் கொண்டே தீர்ப்புச் சொல்லிவிடல் ஆகாது. பற்சக்கரத்தைக் கழற்றி வேறு சட்டத்தில் மாட்டுவது எளிது. விற்பவர் சிலர் அப்படியும் செய்கின்றனர். ஆதலால், எளிதில் மாற்ற முடியாத உறுப்புகளை நோக்க வேண்டும். நாட்டிங்காமில் ராலே நிறுவனம் செய்த சட்டங்களில், மிதிகட்டை அச்சைத் தாங்கும் கிண்ணத்தின் திருகுபுரி ஓர் அங்குலத்துக்கு 26. ஏனைய ஆங்கில வண்டிகளிலும், அவற்றைப் பின்பற்றி இந்தியாவிலும் சீனாவிலும் செய்த வண்டிகளிலும் பொதுவாக 24. நாரைச் சின்னம் பூண்ட வண்டி 24 புரி காட்டுமானால், அது நாட்டிங்காம் சட்டமன்று என்று ஐயுறலாம். ஹம்பர் மிதிவண்டி 1932-இலும் ரட்ஜ் 1943-இலும் ராலேயின் கைக்கு வந்தன. ஆகவே போருக்குப் பிற்பட்ட ரட்ஜில் 26 புரி இருப்பதே முறை. போருக்கு முந்தியது என்று சொல்லி 26 புரி காட்டினால் விலை பேசுமுன் நின்று யோசிக்க வேண்டும். ஒரு சிறிய புரியளவியும் பொறுமையும் இதற்குப் போதும்.

ஆண்டை அறிய இன்னொரு வழி பின்சக்கரத்தின் குடத்தில் உள்ளது. ஸ்டர்மி ஆர்ச்சர் என்ற மூன்று வேகக் குடத்தில், அது செய்யப்பட்ட ஆண்டும் மாதமும் எண்களாகப் பொறிக்கப்பட்டிருக்கும். 1936-இல் வெளிவந்த ஏ.டபிள்யூ. வகை இங்கு அதிகம். அவ்வெழுத்துகளுக்கு அருகில் 54, 3 என்றிருந்தால் 1954 மார்ச் என்று கொள்க. போருக்கு முற்பட்ட சிலவற்றில் ஆண்டின் கடைசி இலக்கம் மட்டுமே உண்டு. எண்ணெய் அழுக்கின் அடியில் இது மறைந்திருக்கும். மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்தால் தெரியும். இது குடத்தின் வயதேயன்றி வண்டியின் வயதன்று. சக்கரம் மாறியிருக்கலாம். சட்டத்தில் வெட்டிய எண்ணைக் கொண்டு ராலேயின் ஆண்டைத் துணிந்து சொல்வோரும் உளர்; அவ்வெண் வரிசைகள் பெரிதும் குழப்பமானவை; அவற்றைத் தனிச்சான்றாக ஏற்பதற்கில்லை.

‘குடம்’ என்ற சொல்லை வேண்டுமென்றே ஆண்டேன். மாட்டுவண்டிச் சக்கரத்தின் நடுப்பகுதிக்குக் குடம் என்றும், அதிலிருந்து விரியும் மரங்களுக்கு ஆரக்கால் என்றும், சுற்று விளிம்புக்கு வட்டை என்றும் நம் தச்சர் பெயரிட்டிருந்தனர். இவற்றை மிதிவண்டிக்கும் ஆளலாம். புதுச்சொல் படைக்க வேண்டியதில்லை. ஓரிடத்தில் மட்டும் எனக்குத் தயக்கம். மாட்டுவண்டியின் ஆரக்கால் பாரத்தைத் தன்மேல் ஊன்றித் தாங்குகிறது. மிதிவண்டியில் இருப்பதோ மெல்லிய கம்பி. அது விளிம்பை இழுத்துப் பிடித்து நிற்பதனாலேயே சக்கரம் பாரத்தைத் தாங்குகிறது. ஆகவே பட்டறைக்காரர் வழங்கும் ‘கம்பி’ என்ற சொல்லே பொருத்தமானது என்பேன்.

ஜப்பானியப் படைவண்டி என்று சொல்லி விற்பதைப் பற்றியும் கூற வேண்டும். 1941 டிசம்பர் 8-இல் கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியப் படை, மிதிவண்டிகளில் தெற்கு நோக்கி விரைந்தது. 1942 ஜனவரி 14-இல், ஜொகூர் எல்லையை அடுத்த கெமஞ்சேயில் ஆஸ்திரேலியர் பதுங்கியிருந்து, நூற்றுக்கணக்கான மிதிவண்டி வீரரைப் பாலம் கடக்கவிட்டு, பின்னர்ப் பாலத்தைத் தகர்த்தனர். ஆயினும் படை நிற்கவில்லை. மூவார், பக்ரி, பாரிட் சூலோங் எனச் சண்டை நகர்ந்தது. வெப்பத்தால் சக்கரங்கள் வெடித்தபோது வீரர்கள் வெறும் வட்டையிலேயே ஓட்டினர் என்றும், இரவில் அவ்வோசை டாங்கிகள் வருவது போலிருந்தது என்றும், மசனோபு சுஜி என்ற படையதிகாரி பின்னாளில் எழுதினார். இவையெல்லாம் மெய். ஆனால், போருக்கு முன்பே ஜப்பான் மலிவான மிதிவண்டிகளை மலாயாவில் விற்று வந்தது. வீரர்கள் ஊராரிடமிருந்து பறித்துக்கொண்ட வண்டிகளும் பல. எனவே, ஜப்பானில் செய்த பழைய வண்டி என்பது வேறு. படைவண்டி என்பது வேறு. வட்டையில் நசுங்கல் இருப்பதைக் காட்டிப் போர்க்கதை சொல்வோருக்குக் கூடுதல் விலை தரத் தேவையில்லை.

இளைஞர்கள் தேடுவது மலைவண்டியையும் அமெரிக்கக் ‘குரூசர்’ வண்டியையும். 1933-இல் அமெரிக்காவில் ஷ்வின் நிறுவனம் தடித்த ரப்பர்ச் சக்கரம் பூட்டிய வண்டியை வெளியிட்டது. அத்தகைய பழைய வண்டிகளைக் கலிபோர்னியாவின் மரின் வட்டார இளைஞர்கள் மலைச்சரிவில் ஓட்டி, 1976 முதல் பந்தயமும் நடத்தினர். இறங்கும் வேகத்தில் பின்தடுப்பு சூடேறி, உள்ளிருந்த மசகு புகைந்துபோகும். ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பின்னும் மசகை மீண்டும் அடைக்க வேண்டியிருந்தமையால் அச்சரிவுக்கே ‘ரீபேக்’ என்று பெயராயிற்று. 1981-இல் ஸ்பெஷலைஸ்ட் நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர், ஜப்பானில் செய்யப்பட்டுப் பெருமளவில் விற்பனைக்கு வந்தது.

இங்கே வாங்குவோர் ஏமாறும் இடமொன்றுண்டு. ராலே ஸ்போர்ட்ஸ் சக்கரத்திலும் 26 என்றிருக்கும். மலைவண்டிச் சக்கரத்திலும் 26 என்றிருக்கும். முன்னதில் ரப்பர் அமரும் விட்டம் 590 மில்லிமீட்டர், பின்னதில் 559. ஒன்றின் ரப்பர் மற்றதில் அமராது. கம்பித்தடை பூட்டிய பெரிய 28 அங்குல வண்டிக்கோ 635. ரப்பரின் பக்கவாட்டில் சிறிதாக அச்சிட்டிருக்கும் மூவிலக்க எண்ணைப் படித்தல் நன்று. ஐந்தாம் ஆறாம் வகுப்பு மாணவர்க்கு வட்டத்தின் சுற்றளவு கற்பிக்க இதைவிட நல்ல பொருள் கிடைக்காது. நான் இதைப் பல முறை கையாண்டிருக்கிறேன்.

மலைவண்டியின் ஆண்டை ஷிமானோ உறுப்புகளின் பின்புறத்தில் பொறித்த ஈரெழுத்தால் அறியலாம். முதலெழுத்து ஆண்டு: ‘ஏ’ 1976, ‘பி’ 1977, இவ்வாறே நெடுங்கணக்கு வரிசையில் ‘இசட்’ 2001 வரை, 2002-இல் மீண்டும் ‘ஏ’. இரண்டாம் எழுத்து மாதம். ‘என்.சி.’ என்றிருந்தால் 1989 மார்ச். இந்நிறுவனம் 1973-இல் சிங்கப்பூரில் தொழிற்சாலை நிறுவியது. பின்னர் நம் பொந்தியானிலும் ஒன்றை அமைத்தது. ஆகவே, பழைய மலைவண்டியில் ‘மலேசியா’ என்ற முத்திரையைக் கண்டதும் போலியென்று எறிந்துவிட வேண்டாம்.

வண்டி கிடைத்தவுடன் புதுச்சாயம் பூசுவதை நான் ஒப்புவதில்லை. பொன்னிறக் கோடுகளும், கடைக்காரர் ஒட்டிய சிறு முத்திரையும், நகராண்மை உரிமத் தகடும் சாயத்தின் கீழ்ப் போய்விட்டால் மீளா. தோல் இருக்கையை மட்டும் உடனே கவனிக்க வேண்டும். நம் ஈரக்காற்றில் அதுவே முதலில் கெடும். எஞ்சியதை உலர்ந்த துணியால் துடைத்து, யார் வீட்டு வண்டி, எந்தத் தோட்டம், எந்த ஆண்டில் வாங்கியது என்று ஒரு சீட்டில் எழுதி இருக்கையின் அடியில் கட்டிவைக்கவும்.