மின்சாரத்தை அளக்கும் சட்டம். மரத்தடியை அளப்பது யார்?

புது தில்லி: 2024 ஜூலை 31-ஆம் தேதி மாலை தலைநகரில் கொட்டித் தீர்த்த மழை, புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்குள்ளும் எட்டிப் பார்த்தது. லாபியின் கூரையிலிருந்து சொட்டிய நீரைப் பிடிக்க வாளி வைக்கப்பட்ட காட்சியை மறுநாள் நாடே பார்த்தது. விருதுநகர் எம்.பி. மாணிக்கம் தாகூர் மக்களவையில் ஒத்திவைப்புத் தீர்மான நோட்டீஸ் அளித்தார். கண்ணாடிக் குவிமாடத்தைப் பொருத்தப் பயன்படுத்திய பசை சற்று விலகியதுதான் காரணம் என்றும், அது உடனே சரிசெய்யப்பட்டது என்றும் மக்களவைச் செயலகம் விளக்கமளித்தது.

எதிர்க்கட்சிகளின் கேலியும் ஆளுங்கட்சியின் பதிலும் சில நாள்களில் அடங்கிவிட்டன. ஆனால், செயலகத்தின் விளக்கத்தில் இருந்த இன்னொரு வரி அதிகம் கவனிக்கப்படவில்லை. கூரையில் கண்ணாடிக் குவிமாடங்கள் அமைக்கப்பட்டதே இயற்கை வெளிச்சத்தை உள்ளே கொண்டுவரத்தான் என்பது அந்த வரி. வெளிச்சம் வேண்டும், மழை வேண்டாம். காற்று வேண்டும், வெயில் வேண்டாம். தில்லியில் கட்டடம் எழுப்பும் எவரும் தீர்க்க வேண்டிய கணக்கு இது. கோடையில் 45 டிகிரியைத் தாண்டும் வெயில், பின்னர் பருவமழை, ஜனவரியில் உறைய வைக்கும் குளிர் என மூன்று முகம் காட்டும் நகரம் இது.

பழைய நாடாளுமன்றக் கட்டடம் இந்தக் கணக்குக்குத் தனக்கே உரிய விடை ஒன்றை வைத்திருந்தது. 1927-இல் திறக்கப்பட்ட அந்த வட்ட மாளிகையின் முதல் தளத்தைச் சுற்றி 144 தூண்கள் தாங்கும் திறந்த தாழ்வாரம் ஓடுகிறது. வெயில் நேரடியாகச் சுவரில் விழாமல் அந்தத் தாழ்வாரம் தடுத்தது. மைய மண்டபத்துக்கும் அவைகளுக்கும் இடையே மூன்று தோட்ட முற்றங்கள் அமைந்தன. ஓர் அவையிலிருந்து மற்றோர் அவைக்குச் செல்லும் உறுப்பினர், வானத்தையும் புல்வெளியையும் பார்த்தபடியேதான் நடந்தாக வேண்டும். 2023 செப்டம்பரில் அவைகள் புதிய கட்டடத்துக்கு மாறின; பழைய மாளிகை "சம்விதான் சதன்" ஆயிற்று. புதிய கட்டடத்தின் முற்றத்திலும் தேசிய மரமான ஆலமரத்துக்கு இடமளிக்கப்பட்டது. கட்டியவர்கள் வேறு, காலம் வேறு, ஆனால் முற்றமும் மரமும் வேண்டும் என்ற எண்ணம் மாறவில்லை.

லோதி தோட்டத்தின் ஓரத்தில்...

இந்த எண்ணத்தை ஒரு கொள்கையாகவே மாற்றிக் காட்டியவர் ஜோசப் ஆலன் ஸ்டைன். அமெரிக்காவில் 1912-இல் பிறந்த இந்தக் கட்டடக் கலைஞர், 1952-இல் வங்காளப் பொறியியல் கல்லூரியில் கட்டடக் கலைத் துறைக்குத் தலைமையேற்க இந்தியா வந்தார். பின்னர் தில்லியில் தங்கிவிட்டார். லோதி தோட்டத்தை ஒட்டி அவர் வடிவமைத்த இந்திய சர்வதேச மையம் 1962-இல் திறக்கப்பட்டது. அப்போதைய குடியரசுத் துணைத் தலைவர் டாக்டர் எஸ். ராதாகிருஷ்ணன் அதைத் திறந்துவைத்தார்.

பக்கத்துத் தோட்டத்தில் உள்ள லோதி, சையது மன்னர்களின் கல்லறைகளோடு போட்டியிட ஸ்டைன் விரும்பவில்லை. கட்டடம் மரங்களின் உயரத்துக்குள் அடங்கி நின்றது. முகலாயர் காலக் கட்டடங்களில் காணப்படும் "ஜாலி" எனும் துளையிட்ட தட்டியை அவர் புதிய வடிவில் பயன்படுத்தினார். கடும் வெயிலை வடிகட்டி, காற்றை மட்டும் உள்ளே விடும் தட்டி அது. அறையை விட்டு வெளியே வந்தால் தாழ்வாரம். தாழ்வாரத்தை விட்டு இறங்கினால் புல்வெளி. உள்ளே எது, வெளியே எது என்று கோடு கிழிக்க முடியாதபடி அமைந்த கட்டடம் அது. 1968-இல் லோதி தோட்டத்தைச் சீரமைக்கும் பணியிலும் அமெரிக்கத் தோட்டக்கலை வல்லுநர் காரெட் எக்போவுடன் ஸ்டைன் பங்கேற்றார்.

முப்பது ஆண்டுகளுக்குப் பின் லோதி சாலையில் அவர் அமைத்த இந்தியா ஹாபிடாட் சென்டர், இன்னும் கடினமான சோதனை. பல நிறுவனங்களின் அலுவலகங்கள் ஒரே வளாகத்தில் அடங்க வேண்டும். கட்டடம் தாழ்ந்து நிற்க வழியில்லை. எனவே கட்டடத் தொகுதிகளுக்கு நடுவே முற்றங்களை விட்டு, அவற்றின் மேலே நீலநிறத் தகடுகளைச் சாய்வாகப் பொருத்தினார். கோடையின் உச்சி வெயிலை அவை தடுக்கின்றன. குளிர்காலத்தில் தாழ்ந்து வரும் வெயிலை உள்ளே விடுகின்றன. 1992-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற ஸ்டைன் 2001-இல் மறைந்தார். லோதி தோட்டத்தை ஒட்டிய ஒரு சாலை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அரசும் இந்த வழியில் நடந்ததுண்டு. லோதி தோட்டத்திலிருந்து சிறிது தொலைவில், ஜோர்பாக் பகுதியில் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்காக மத்தியப் பொதுப்பணித் துறை கட்டிய இந்திரா பர்யாவரண் பவனை, 2014 பிப்ரவரியில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் திறந்துவைத்தார். இரு தொகுதிகளுக்கு நடுவே திறந்த முற்றம். கூரையில் 930 கிலோவாட் திறனுள்ள சூரிய மின்தகடுகள். தனக்குத் தேவையான மின்சாரத்தைத் தானே தயாரித்துக்கொள்ளும் நோக்குடன் வடிவமைக்கப்பட்ட கட்டடம் அது.

குமாஸ்தாவின் வேப்பமரம்

ஆனால், இந்த நிழல் யாருக்கு என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. லோதி தோட்டத்தில் எவரும் கட்டணமின்றி நடக்கலாம். அதை ஒட்டிய சர்வதேச மையத்தின் புல்வெளியோ, பொது நிகழ்ச்சிகளைத் தவிர்த்தால், உறுப்பினர்களுக்கும் அவர்தம் விருந்தினர்களுக்கும் உரியது.

ஒரு காலத்தில் தில்லியில் மரநிழலுக்கு உறுப்பினர் அட்டை தேவைப்படவில்லை. சுதந்திரத்துக்குப் பின் மத்திய அரசு ஊழியர்களுக்காக எழுந்த சரோஜினி நகர், நேதாஜி நகர், நவுரோஜி நகர் போன்ற குடியிருப்புகளில், குமாஸ்தாவின் வீட்டு வாசலிலும் வேப்பமரம் இருந்தது. தாழ்ந்த வீடுகள், பொதுப் புல்வெளி, குளிர்கால வெயிலில் கட்டில் போட இடம் என்று அவை அமைந்திருந்தன. தலைநகருக்கு வேலைக்கு வந்த தமிழர் பலரும் இத்தகைய குடியிருப்புகளில் வாழ்ந்தவர்கள்தாம்.

தியாகராஜ் நகர் உள்ளிட்ட இத்தகைய ஏழு குடியிருப்புகளை இடித்து அடுக்குமாடிகள் கட்ட 2016-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஊழியர்களுக்கு வீட்டுப் பற்றாக்குறை இருந்தது உண்மை. பழைய வீடுகள் பழுதடைந்திருந்ததும் உண்மை. ஆனால் அதற்காகப் பல்லாயிரம் மரங்கள் வெட்டப்படும் என்று தெரியவந்தபோது, 2018 ஜூனில் மக்கள் மரங்களைக் கட்டியணைத்துப் போராடினர். தில்லி உயர் நீதிமன்றம் தலையிட்டதால் வெட்டுவது நிறுத்தப்பட்டது. ஒரு மரத்துக்கு ஈடாகப் பல கன்றுகளை வேறிடத்தில் நடுவோம் என்ற வாதத்தை அவர்கள் ஏற்கவில்லை. நகரின் வேறொரு மூலையில் நடப்படும் கன்று, இந்த வாசலில் நிழல் தராது என்பதுதான் அவர்களது பதில்.

சட்டம் என்ன சொல்கிறது?

எரிசக்தி சேமிப்புச் சட்டம் 2001-இல் நிறைவேறியது. அதன்கீழ் 2007-இல் வணிகக் கட்டடங்களுக்கான எரிசக்தி விதித்தொகுப்பு வந்தது. 2017-இல் அது திருத்தப்பட்டது. வீடுகளுக்கான "ஈகோ நிவாஸ் சம்ஹிதா" 2018-இல் வந்தது. சுவரும் கூரையும் எவ்வளவு வெப்பத்தைக் கடத்தலாம், திறக்கக்கூடிய ஜன்னல் எவ்வளவு இருக்க வேண்டும் என்று அது வரையறுத்தது. 2022-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம், அலுவலகங்களோடு பெரிய குடியிருப்புகளையும் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவர வழி செய்தது. எனினும் நிலமும் கட்டட அனுமதியும் மாநிலங்களின் கையில் இருப்பதால், இந்த விதிகள் செயலுக்கு வருவது மாநில அரசுகளையும் உள்ளாட்சி அமைப்புகளையும் பொறுத்தது.

இவை நல்ல விதிகளே. ஆனால் இவற்றின் அளவுகோல் வெப்பமும் மின்சாரமும்தான். முழுக்க மூடிய கண்ணாடிப் பெட்டியும், சிறந்த இயந்திரங்களைப் பொருத்திக்கொண்டால், சிக்கனத்தில் தேறிவிட முடியும். உள்ளே வேலை செய்பவர் காலை முதல் மாலை வரை ஒரு மரத்தைக் கண்ணால் பார்த்தாரா, மதிய உணவுக்கு உட்கார நிழல் இருந்ததா என்பதற்கு அந்தக் கணக்கில் பத்தி இல்லை. தாழ்வாரமும் முற்றமும் கட்டடக் கலைஞரின் விருப்பத்துக்கும், பணம் கொடுப்பவரின் பெருந்தன்மைக்கும் விடப்பட்டுள்ளன.

பொதுச் செயலகத் திட்டத்தின்கீழ் 2025 ஆகஸ்ட் 6-ஆம் தேதி கர்த்தவ்ய பவன்-3 திறக்கப்பட்டது. சாஸ்திரி பவன், கிருஷி பவன், உத்யோக் பவன், நிர்மாண் பவன் ஆகியவற்றில் இயங்கிய அமைச்சகங்களைப் புதிய வளாகங்களுக்கு மாற்றுவது இத்திட்டத்தின் நோக்கம். புதிய கட்டடம் 30 சதவீதம் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் வகையில் அமைக்கப்பட்டது என்கிறது அரசு. வரவேற்க வேண்டிய எண்தான் அது.

அமைச்சருக்குத் தோட்டத்துடன் பங்களா உண்டு. அறிஞருக்குச் சர்வதேச மையத்தின் புல்வெளி உண்டு. கோப்புகளைச் சுமந்து நடக்கும் கடைநிலை ஊழியருக்கும், மனுவுடன் வாசலில் காத்திருக்கும் குடிமகனுக்கும் ஒரு மரத்தடி உண்டா என்று அடுத்த திருத்த மசோதா வரும்போதாவது யாரேனும் அவையில் கேட்க வேண்டும். 144 தூண்களின் நிழலில் நடந்து பழகிய மன்றத்துக்கு அது புரியாத கேள்வி அல்ல.