இரண்டு திராட்சை, ஒரு ஒயின்

கும்மிடிப்பூண்டியில் கோடை பிறந்தால் வீட்டுக்குள்ளேயே 30 டிகிரியைத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் வெள்ளை ஒயினைத் திறந்தால் ஆல்கஹால் நெடிதான் முதலில் மூக்கில் ஏறும். 10 டிகிரி அளவுக்குக் குளிர வைத்தால்தான் சுவை பிடிபடும். பல ரகத் திராட்சை சேர்ந்த ஒயினுக்கும் இது பொருந்தும்.

ரகங்களைச் சேர்ப்பது மட்டமான சரக்கை ஒப்பேற்றும் வேலை அல்ல. பிரான்சின் போர்தோவில் சோவிஞான் பிளாங்க், செமியோன் என்ற திராட்சை ரகங்களைச் சேர்த்து வெள்ளை ஒயின் செய்வது பழைய வழக்கம். ஷாம்பெயினில் கறுப்புத் திராட்சைகூடச் சேரும். தோல் ஊறாமல் பிழிந்தால் அதன் சாறும் வெளிர் நிறம்தான்.

நம் நாட்டிலும் இதற்கு நல்ல உதாரணம் உண்டு. மகாராஷ்டிரத்தின் அக்லுஜில் உள்ள ஃபிராடெல்லி ஒயின் நிறுவனத்தின் 'எம்/எஸ் ஒயிட்', ஷார்டனேயும் சோவிஞான் பிளாங்கும் சேர்ந்தது. 1976-இல் பாரிஸில் பிரெஞ்சு ஒயின்களையும் கலிஃபோர்னிய ஒயின்களையும் பெயர் மறைத்துச் சுவைக்கவைத்த ஸ்டீவன் ஸ்பரியருக்கு இதன் உருவாக்கத்தில் பங்கு உண்டு.

இப்படிக் கலந்த ஒயினைக் கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றி, சுழற்றாமல் முகருங்கள். குடைமிளகாய், கொய்யா வாசனை எழுந்தால் அது பெரும்பாலும் சோவிஞான் பிளாங்க். குடைமிளகாய்க்கு மணம் தரும் பைரசின் சேர்மம் அந்தத் திராட்சையிலும் இருக்கிறது. பிறகு சுழற்றி, ஒரு வாய் எடுத்து நாக்கு முழுக்கப் படரவிடுங்கள். நாக்கின் ஓரங்களில் எச்சில் ஊறுகிறதா? அது புளிப்பு. தண்ணீரோடு ஒப்பிட்டால் பாலில் தெரிவதுபோல வாயில் கனம் தெரிகிறதா? அந்தக் கனத்துக்குத்தான் ஷார்டனே.

சூடான நிலத்தில் திராட்சை பழுக்கப் பழுக்கப் புளிப்பு வேகமாகக் குறையும். அதனால்தான் புளிப்புள்ள ரகத்தைத் துணைக்குச் சேர்க்கிறார்கள். பத்து நிமிடம் கழித்து மறுபடி சுவையுங்கள். குளிர் தணியும்போது அடங்கியிருந்த பழ மணங்கள் மேலே வரும். புளிப்பு ஒரு பக்கமும் கனம் ஒரு பக்கமுமாகப் பிரிந்து நின்றால், என் கணக்கில் அது தோற்ற கலவை. எது எந்தத் திராட்சை என்று பிரிக்கத் தோன்றாமல் ஒன்றியிருந்தால் நல்ல கை செய்தது.

பாட்டிலின் பின்பக்கத்தை முதலில் படித்துவிடாதீர்கள். தோன்றியதை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, அப்புறம் படியுங்கள்.